சாமிக்கு எத்தனை கரண்டி

கொல்லிமலையில் எங்கள் வளப்பூர் நாட்டில் சத்து என்றால் என்னைத்தான் கேட்பார்கள். அங்கன்வாடி டீச்சர் என்று சம்பளம் வாங்குகிறேன், கேட்கட்டும். எந்தப் பிள்ளைக்கு எடை குறைவு, எந்தக் கர்ப்பிணிக்கு ரத்தம் குறைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் வீட்டு அலமாரியில் ஒரு மாதத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்த கறுப்பு டப்பாவில் என்ன இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

டப்பா என் தம்பி வேல்முருகனுடையது. போன வருஷம் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, உயரத்தில் தேறி, நெஞ்சளவில் விழுந்தவன். மூச்சை இழுத்தால் நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டுமாம். இவனுக்கு நாலரைதான் விரிந்தது. அந்த அரை சென்டிமீட்டருக்காக வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருஷமும் எழுத்துத் தேர்வில் தேறினான். நாமக்கல்லுக்கு அளவெடுக்க வரச்சொல்லிக் கடிதம் வந்த அன்றே எங்கள் அம்மா பாவாயி ஊர்ச்சாமியிடம் வேண்டிக்கொண்டாள். அறுபது நாள் வீட்டில் யார் வாயிலும் பால் படாது. தயிர், மோர், நெய் எதுவும் கிடையாது. கறவையில் கன்று குடித்தது போக மிச்சத்தை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சாமிக் கல்லின்மேல் ஊற்ற வேண்டும். அறுபதாம் நாள் வீட்டோடு போய் ஒவ்வொருவராகக் கல்லில் கைவைத்து, "வாயில பால் படலை" என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லிக் கைவைத்தால் கேட்ட காரியம் நடக்காது. இது எங்கள் ஊர் வழக்கம்.

விரதம் தொடங்கிப் பத்தாம் நாள், நாமக்கல்லில் ஜிம் வைத்திருக்கும் சசிகுமார் என்ற சிநேகிதன் அந்த டப்பாவைக் கொடுத்தனுப்பினான். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"என்ன சாமி இது, மிட்டாய் வாசம் வருது?"

"புரோட்டீன் பவுடரும்மா. தண்ணியில கலக்கிக் குடிச்சா நெஞ்சு ஏறும்."

பவுடர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. தண்ணீரில்தான் கலக்கினான். யாருக்கு என்ன சந்தேகம் வரும்? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்கூடப் பால் விடாத வரக்காப்பி குடிக்கிற பிள்ளை, வீட்டில் காலையில் ஒரு கரண்டி, ஓடிவிட்டு வந்து ஒரு கரண்டி என்று குடித்தான். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலன் தெரியாமல் இல்லை. முன்பெல்லாம் மேட்டில் ஓடிவிட்டு வந்தால் மத்தியானம் வரை சுருண்டு கிடப்பான். இப்போது குளித்துவிட்டு மிளகுக் கொடிக்கு ஏணி தூக்கிக்கொண்டு போனான். சட்டை தோளில் பிடித்தது. ஆனால் வயிறு பலா மாதிரி உப்பியது. இரண்டு வேளை வெளிக்குப் போய்க்கொண்டிருந்தவன் ஐந்து வேளை போனான்.

அவ்வளவுதான், ஊர் முழுக்க டாக்டர் ஆகிவிட்டது. பஸ் கண்டக்டர் முரளி, "கிட்னி காலிங்க, எங்க மச்சான் ஒருத்தன் படுத்தே போயிட்டான்" என்றார். மச்சான் என்ன குடித்தான் என்று கேட்டால், அது வேறு சரக்கு என்றார். பூசாரியாக இருக்கும் என் பெரியப்பா குழந்தைசாமி, ராகிக்களி தின்கிற உடம்பில் என்ன குறைச்சல் என்று கேட்டார். சசிகுமார் போனில், ஒரு கரண்டி பத்தாது, மூன்றாக ஏற்று என்றான். நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம், "அளவா குடிச்சா நல்லதுங்க" என்று சொல்லிவைத்தேன். எனக்குத் தெரியாத எல்லாவற்றுக்கும் நான் சொல்கிற பதில் அது.

தடுப்பூசி நாளன்று டப்பாவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் நர்ஸ் வித்யாஸ்ரீயிடம் காட்டினேன். அன்றைக்கு விரதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"நல்ல ஒடம்புக்கு இதனால கிட்னி போகாதுங்க அக்கா. ஏற்கெனவே கிட்னி சரியில்லாதவங்கதான் டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்க. கண்ட கம்பெனி டப்பாவும் வாங்கக் கூடாது. கொள்ளு, முட்டை, கடலையிலயும் இதே சத்துதான் இருக்குது. என்ன, அவ்வளவையும் ஒருத்தன் உக்காந்து திங்க முடியாது. இது கலக்குனா முடிஞ்சுது."

"அப்ப வயிறு ஏன் கண்ணு உப்புது?"

"இவ்வளவு பால் பழக்கமில்லாத வயித்துக்கு அப்படித்தானுங்க பண்ணும்."

"பாலா? பால் எங்க வந்துச்சு?"

அவள் டப்பாவைத் திருப்பி, எறும்பு மாதிரி இருந்த ஆங்கில எழுத்தில் விரல் வைத்தாள். "இதே பால்தானுங்க அக்கா. பாலைத் திரிய வெச்சுக் கட்டியை எடுத்துட்டா ஒரு தண்ணி நிக்குமில்ல? அதைக் காய வெச்சுப் பொடி பண்ணுனதுதான் இது."

பால் திரிந்தால் அந்தத் தண்ணீரை நாங்கள் வாசலில் கொட்டுவோம். அதை யாரோ டப்பாவில் அடைத்து, சாக்லேட் வாசம் ஏற்றி, கொல்லிமலைக்கு அனுப்பி, சரியாக எங்கள் வீட்டு விரதத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தினம் இரண்டு கரண்டி.

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அம்மா உடைந்துபோவாள். தம்பியோ ஊர்ச்சாமிக்குப் பயந்தவன். விரதம் கெட்டது என்று தெரிந்தால் அளவெடுக்கும் இடத்தில் அவனுக்கு மூச்சே வராது. சொல்லாவிட்டால் பால் படவில்லை என்று கல்லில் கைவைப்பான். ஆனால் தெரியாமல் சொல்வது பொய்யாகுமா? அவனுக்குத் தெரியாத வரைக்கும் அவன் சுத்தம். தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பாவம் என் தலையோடு போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பவுடரை நிறுத்தச் சொல்லவும் மனசு வரவில்லை. இன்னும் அரை சென்டிமீட்டர் வேண்டுமே! அடுப்படியில் அவன் டம்ளரைக் கலக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வந்தது. அவன் மேலா, சாமி மேலா, என் மேலா என்று எனக்கே விளங்கவில்லை.

அறுபதாம் நாள் புதன்கிழமை. மறுநாள் நாமக்கல்லில் அளவு. நான் கல்லில் கைவைக்காமல் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது.

"நான் கோயிலுக்கு வரலைம்மா. தூரமாயிட்டேன்."

"போன வாரந்தானே தலைக்கு ஊத்துன?" என்றாள் அம்மா. "பொறப்படு."

பெரியப்பா கல்லுக்குப் பக்கத்தில் கற்பூரம் ஏற்றிவைத்திருந்தார். அம்மா கைவைத்துச் சொன்னாள். தம்பி கைவைத்தான். "வாயில பால் படலைங்க" என்று சத்தமாக, நல்ல பிள்ளையாகச் சொன்னான். அவன் கையை எடுத்த இடத்தில் என் கையை வைத்தேன். கல் குளிர்ந்து கிடந்தது. என் வாயில் பால் படவில்லைதான். அதைச் சொல்லிவிட்டு நான் திரும்பியிருக்கலாம்.

"என் வாயில படலைங்க பெரியப்பா" என்றேன். அதோடு நிற்காமல், "அந்த டப்பா பவுடரு பாலுங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஒரு நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் தம்பி கைவைத்திருக்க மாட்டான். சொல்லாமலே விட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டும் இல்லாமல், அவன் கைவைத்துச் சொன்ன பிறகு அதைப் பொய்யாக்கினேன். அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

பெரியப்பா கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "பாலுன்னா வெள்ளையா இருக்கோணுமே?"

"சாயம் ஏத்தியிருக்குதுங்க. பால் திரிஞ்ச தண்ணியாமுங்க."

"திரிஞ்ச பாலைச் சாமிக்கு ஊத்த மாட்டோம். அப்ப அது பாலில்லை." கொஞ்சம் யோசித்தார். "மோரும் வெரதத்துக்கு ஆகாதே. அப்ப அது பாலுதான்." மறுபடி யோசித்தார். "எந்த ஊரு மாடு?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"நம்ம சாமிக்கு வெளியூர் மாட்டுப் பாலு கணக்குல வருமான்னு எங்கப்பன் சொல்லித் தரலையே" என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அம்மா கல்லை மறுபடி விழுந்து கும்பிட்டாள். தம்பி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்கால பஸ் ஏறும்போதும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. உப்பின வயிறோடும் வெளுத்த முகத்தோடும் ஜன்னலோரம் உட்கார்ந்து போனான். பன்னிரண்டு நாளாக வாயை மூடி வைத்திருந்தவள் கடைசி நாளில் தம்பி வாழ்க்கையைக் கெடுத்தேனே என்று வேலியோரம் நின்று அழுதேன்.

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, ஆறு சென்டிமீட்டர்."

"என்னடா சொல்ற? எப்படிடா?"

"தெரியலக்கா. டேப்பைச் சுத்துனதும் கல்லு ஞாபகம் வந்துருச்சு. பயத்துல இழுத்த மூச்சு வெளியவே வரலை. போதும் விடுப்பான்னு அவங்களே சொன்னாங்க." பிறகு, "இது பவுடராலயா, சாமியாலயா அக்கா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல 'அளவா' என்று சொல்லவும் அதில் இடமில்லை.

அம்மா செய்தியைக் கேட்டு அழுதாள். அப்புறம் எழுந்துபோய் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். கால்வாசி மிச்சமிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கறவைப் பால் சொம்போடு அந்த டப்பாவையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கல்லுக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் ஓடினேன். அங்கே அதைப் பார்த்ததும் பெரியப்பா பதறிப்போனார்.

"ஏம்மா பாவாயி, இதென்ன வேலை?"

"எம்புள்ளை மட்டும் குடிச்சாத்தானுங்க மாமா குத்தம். சாமியும் ஒரு வாய் குடிச்சுட்டா?"

பெரியப்பா மணியைக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மா ஒரு காலிச் சொம்பைக் கீழே வைத்து, டப்பா மூடியைத் திறந்து, கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்கண்ணு, இதுல சாமிக்கு எத்தனை கரண்டி போடோணும்?"

"நல்ல ஒடம்புக்கு ரெண்டும்மா" என்றேன். "தண்ணி மட்டும் நெறைய ஊத்து."