ஒற்றைக்கால் வாக்கியம்

கானா நாட்டின் தக்கோராடியில் ஒரு மரக் கம்பெனியின் அலுவலகம். பதினோரு வருடமாக மேலாளர் குவான்சாவுக்குக் கடிதமும் மேடைப் பேச்சும் எழுதிக் கொடுத்தவள் அராபா. "வாக்கியத்துக்கு ரெண்டு கால் வேணும் சார், ஜோடியா. ஒத்தக்கால்ல நின்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

தொழிலாளி இறந்தால் கம்பெனி வாசிக்கும் அஞ்சலியும் அவள் எழுதியதே. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். 'கேட்டதைவிட அதிகம் உழைத்தார். உழைத்ததைவிடக் குறைவாகவே கேட்டார்.' ஆறு சாவுகளில் அந்த வரிக்கு ஆமென் விழுந்திருக்கிறது.

ஏழாவது பெயர் ஃபீஃபி. அவள் கணவன். மரத்தடி தூக்கும் வண்டி சரிவில் நிற்காமல் உருண்டு, அடுக்கிவைத்த மரங்களோடு சேர்த்து அவனை நசுக்கிவிட்டது.

இறுதிச் சடங்கில் கொடுக்கும் அஞ்சலிப் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அவள் குவான்சாவைப் பார்த்தாள்.

"அந்த வரிய எடுத்துடுங்க சார். ஃபீஃபி கேட்டாரு. பிரேக் பிடிக்கலன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தாரு. அதப் போடுங்க."

குவான்சா கண்ணாடியைத் துடைத்தார். "அது ஒத்தக்கால்ல நிக்குதே சிஸ்டர். நீங்க சொல்லிக் குடுத்ததுதான?" சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "பொண்டாட்டி பேச தனியா நேரம் இருக்குல்ல. அங்க சொல்லிக்குங்க."

வீட்டில் எழுத உட்கார்ந்தாள். 'உன் சிரிப்பு என் காலை, உன் மௌனம் என் இரவு' என்று பேனா தானாக ஓடியது. ஃபீஃபிக்கு ஏது மௌனம்? அவன் குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். ஜோடி சேர்ப்பதற்காக அவனை ஊமையாக்கியிருக்கிறாள். கிழித்தாள். அடுத்ததும் ஜோடியாகவே வந்தது.

சனிக்கிழமை, துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம் தேவாலயத்தில் நிறைந்திருந்தது. குவான்சா அதே அஞ்சலியை நன்றாக வாசித்தார். ஆமென் விழுந்தது. பிறகு அராபா எழுந்தாள்.

"பிரேக் பிடிக்கவில்லை என்று என் கணவர் மூன்று முறை எழுதிக் கொடுத்தார்."

நிறுத்தினாள். கூட்டம் அவள் முகத்தையே பார்த்தது. மறுபாதிக்காகக் காத்திருந்தது. அவளிடம் மறுபாதி இல்லை.

நாத்தனார் எகுவா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், அழுகை அடைக்குது. பாதியிலயே நின்னுடுச்சு. பாட்டு எடுங்கப்பா!"

"முழுசாத்தான் சொன்னேன் எகுவா."

"சரி அண்ணி, சரி. அழுதுடுங்க."

ஊதுகுழல்கள் முழங்கின. முன்வரிசையிலிருந்து குவான்சா கைக்குட்டையை நீட்டினார். அராபா வாங்கிக்கொண்டாள்.