ஈர மணலின் எடை

பிப்ரவரி 12, புதன். இன்று ஒரு தவறு தெரியவந்தது. பயிற்சிக்காக நான் சாக்கில் கட்டியது ஏரிக்கரையின் ஈர மணல். பொங்கலுக்குப் பிறகு அடித்த வெயிலில் அது காய்ந்துகொண்டே வந்திருக்கிறது. "மூட்டை லேசாகத் தெரிகிறது, முதுகு தேறிவிட்டது" என்று போன வாரம் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். தேறியது முதுகா, காய்ந்தது மணலா, எனக்குத் தெரியவில்லை.

பேனாவை மூடிவிட்டு ஜமுனா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போனாள். மீன் நிறுக்கும் தராசின் கொக்கியில் மாட்டினாள். கார்த்திகை மாதம் இதே கொக்கியில்தான் தன் நைனாவின் படகு இஞ்சினை முதலில் நிறுத்துப் பார்த்து, அதே எடை வரும்வரை சாக்கில் மணலை அள்ளிப் போட்டிருந்தாள். இப்போது முள் ஏழு கிலோ குறைத்துக் காட்டியது.

"இன்னாடி, மூட்டைக்கு ஜுரமா? எளைச்சுப் போச்சே" என்றாள் பின்னால் வந்த ரோஸ்மேரி. பள்ளியில் ஜமுனாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மீஞ்சூரில் ஒரு ஜிம்மில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் ஊர் திரும்பியதும், புயல் பாதுகாப்பு மையத்தின் கூடத்தில் பெண்களுக்கு எடைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, நடுவில் ஒரு குழாயைப் பதித்ததுதான் அங்கே பார்பெல்.

"சிரிக்காதடி. இன்னிக்கு பிரதாப்புக்கு நைனா பதில் சொல்லணும்."

ஐப்பசி மழையில் அவள் அப்பா பெருமாளுக்கு முதுகில் டிஸ்க் விலகியது. வலை போடலாம், படகு ஓட்டலாம், எடை மட்டும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் படகு கரை சேர்ந்ததும் இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். படகிலேயே விட்டால் காலையில் இருக்காது. பக்கத்துத் தெரு பிரதாப் கூடவே வந்து தூக்கித் தந்தான். இப்போது கிடைக்கும் மீனில் ஒரு பங்குக்குப் படகையே தன்னிடம் விடச் சொல்கிறான். விட்டால் நைனா கரையில் உட்கார வேண்டியதுதான். ஜமுனா கம்பெனி வேலைக்கு வேன் ஏற வேண்டியதுதான். ஏரியைவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

"ஏழு கிலோடி, ரோஸ். பொய்யா தூக்கினு இருந்திருக்கேன்."

"மூட்டை பொய்யி. ஒன் முதுகுமா பொய்யி? வா, நேரமாச்சு."

கூடத்தின் ஜன்னல்கள் ஏரியைப் பார்த்தவை. பார்பெல்லுக்காக இடுப்பை மடக்கி மூச்சை உள்ளே நிறுத்தும்போது, மற்றவர்களின் பேச்சு எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஜமுனாவுக்குக் கேட்கும். அந்த நேரத்தில் ஏரிக்கு ஓரம் இருக்காது. எது வானம், எது தண்ணீர் என்று பிரியாத வெளிச்சத்தில் பூநாரைகள் அசையாமல் நிற்கும். அவள் முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக, கயிற்றில் கோத்த வலை மிதவைகளைப்போல, மெல்ல நீண்டு நேராகும். அவள் எழுகிறாளா, ஏரி தாழ்கிறதா என்றுகூட ஒரு கணம் தோன்றும்.

"கீழ வைக்கிறதும் தூக்குறதுல சேத்திதான். பொத்துனு போட்டா செல்லாது" என்றது ரோஸ்மேரியின் குரல், வெகு தொலைவிலிருந்து.

படகுச் சத்தம் கேட்டதும் ஜமுனா மூட்டையோடு கரைக்கு இறங்கினாள். அதை ஈரம் முடியும் இடத்தில் படுக்கவைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள்.

"வெலகு தங்கச்சி. எறா கூடை இல்ல இது" என்றான் பிரதாப்.

"ஒரு தடவ பாக்குறண்ணா."

பெருமாள் இஞ்சினின் திருகைத் தளர்த்தினார்.

அவள் இடுப்பை மடக்கினாள், மூச்சை நிறுத்தினாள். இஞ்சின் எழுந்தது. அந்த ஏழு கிலோவும் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது: இடுப்புக்குச் சற்று மேலே, சூடாக. சேற்றில் கால் புதையப் புதைய நடந்தாள். கரையைத் தொடும்போது முதுகு வளையத் தொடங்கியது. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தாள். ஓடவில்லை. முழங்காலை மடக்கி, இஞ்சினைத் தன் மணல் மூட்டையின்மேல் இறக்கினாள். சத்தமே எழவில்லை.

"பாதியில வெச்சுட்டா, பாத்தியா மாமா!" பிரதாப் சிரித்தான்.

"வெச்ச விதத்த நீ பாத்தியா?" பெருமாளின் கை இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது. "நான் அன்னிக்கு அவசரத்துல தோள்லேருந்து பொத்துனு போட்டேன். அத்தோட விழுந்தவன்தான். பாதியில வெச்சா இன்னா, இஞ்சினு கோவிச்சுக்குமா?"

ஜமுனா மூச்சு சீராகும்வரை நின்றாள். மறுபடியும் தூக்கினாள். வீட்டு வாசல்வரை முதுகு நேராகவே இருந்தது. பின்னால் நைனாவின் குரல் வந்தது:

"பிரதாப்பு, படகு எங்ககிட்டயே இருக்கட்டும்பா."

"இருக்கட்டும் மாமா. எனக்கும் முதுகு ஒண்ணுதான் இருக்குது."

அன்றைய பக்கத்தின் அடியில் ஜமுனா எழுதினாள்:

மாலை. இஞ்சின் வீட்டுக்கு வந்தது. நடுவில் ஒருமுறை இறக்கினேன். அது சரியா என்று இன்னும் சந்தேகம் இருக்கிறது. முதுகு வலிக்கவில்லை, கால்தான் நடுங்குகிறது. நாளை: விடியுமுன் இஞ்சினைப் படகில் மாட்ட வேண்டும். திரும்பி வந்ததும் மூட்டையில் ஏழு கிலோ மணல் சேர்க்க வேண்டும், காய்ந்த மணலாக.