ஸ்கூட்டருக்கு நட்ட பந்தக்கால்

எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்த வருஷமே அப்பா ஸ்கூட்டருக்கும் புக் பண்ணினார். எண்பத்தொன்பதில் ஸ்கூட்டர் வந்துவிட்டது.

அப்பா பட்டாபிராமன், ரிடையரான கணக்கு வாத்தியார். பொழிச்சலூர் வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி, மழைக்கு முன்னால் ஸ்கூட்டருக்கு ஒரு மரச் சாய்ப்பு இறக்கிவிட வேண்டும் என்று துடியாய்த் துடித்தார். சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார், ஈரத்துணியால் அழிப்பார். வண்டியின் முகம் கிழக்கே பார்ப்பதா, வடக்கே பார்ப்பதா என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று.

தச்சு வேலைக்கு வந்த குப்பன் பொறுமையாகச் சொன்னார்: "செவுத்துல ஒரு சட்டம் அடிச்சு, இந்தாண்ட நாலு சவுக்குக் கால் நட்டு, மேல சரிவா ஷீட்டு போட்டா முடிஞ்சுது சார்."

"முதல் கால் நட நாள் பார்க்கணுமே," என்றார் அப்பா.

"வண்டி நிக்கிற எடத்துக்கு இன்னா சார் நாளு?"

"மண்ணைத் தோண்டி மரம் நடறோம். சும்மா நடலாமா குப்பன்?"

புதன்கிழமை நான் ஆபீஸிலிருந்து திரும்பியபோது, கேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சவுக்குக் கால் நின்றிருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள், நடுவில் குங்குமம், உச்சியில் மாவிலைக் கொத்து. குழியில் நவதானியம் வேறு போட்டாராம். நல்ல நேரம் தப்பக் கூடாதென்று ஒன்றை மட்டும் நட்டுவிட்டார்கள். மற்ற மூன்று கால்கள் மரக்கடையிலிருந்து வந்தபாடில்லை.

அன்றிலிருந்து தெருவில் யார் பேசுவதும் எனக்குப் புரியவில்லை. எதிர்வீட்டு ஞானாம்பாள் மாமி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"கமுக்கமா இருந்துட்டியேடி சுந்தரி! மண்டபம் பல்லாவரமா, தாம்பரமா?"

நான் திருதிருவென்று விழித்தேன். அந்தக் காலைப் பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்தது. ஸ்கூட்டருக்கு யாராவது மாவிலை கட்டுவார்களா? எனக்குத் தெரியாமல் யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரைச் சாக்குச் சொல்கிறாரா இந்த மனுஷன்?

குப்பனைக் கேட்டேன். "எனக்கு இன்னாமா தெரியும்? சார் மஞ்சா பூசச் சொன்னாரு, பூசினேன். அவரு வண்டிக்குன்றாரு, தெருவுல கண்ணாலம்ன்றாங்க. ஒரே பேஜாரா கீது," என்றார்.

அப்பாவையே கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? கேட்காமலே இருந்துவிட்டேன். ஏனென்றால் ஸ்ரீநிவாசன் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பெண் கேட்டு அப்பாவிடம் பேச வருவதாகச் சொல்லியிருந்தார். பல்லாவரம் ஸ்டேஷனில் தினமும் என்னோடு ரயிலுக்குக் காத்திருப்பவர். முப்பத்தொரு வயதில் எனக்கே எனக்கென்று பிடித்த ஒரே மனிதர்.

அவரோ வியாழக்கிழமையிலிருந்து பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டார். கையசைத்தேன், தலையைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்ன தப்புச் செய்தேன் என்றே தெரியவில்லை.

ஞாயிறு காலை ஒருவழியாக மீதிக் கால்கள் வந்து, சாய்ப்பு எழுந்தது. மத்தியானம் குப்பன் கடைசி ஷீட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது, ஸ்ரீநிவாசன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பெரிய பொட்டலம்.

"உங்க எதிர்வீட்டு மாமியோட பிள்ளை என் ஆபீஸ்தான். உங்க வீட்டுல பந்தக்கால் நட்டாச்சுன்னு சொன்னான்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "சுவர்க்கடிகாரம். நல்லா இருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாய்ப்புக்கு அடியில் நிறுத்தினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளையும் இல்லை, மண்டபமும் இல்லை. நிஜமாகவே ஸ்கூட்டருக்குத்தான்! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கூடவே, நாலு நாளாக என்னைப் பாடாய்ப் படுத்திய அந்த மஞ்சள் காலைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரமும் வந்தது.

அப்பா நிமிர்ந்தார். "யாரும்மா இவர்?"

ஸ்ரீநிவாசன் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். இப்போது விட்டால் அவர் போய்விடுவார்.

"மாப்பிள்ளைப்பா," என்றேன். "ஊரறியப் பந்தக்கால் நட்டீங்களே. வந்துட்டார்."

ஏணியில் நின்ற குப்பனின் சுத்தியல் நின்றது. அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாவிலையைப் பார்த்தார்.

"சரி," என்றார் கடைசியில். "அப்போ ஸ்கூட்டரை எங்கே நிறுத்தறது?"