தேதி போட்ட முட்டைகள்

எனக்குக் கோழி வளர்க்கத் தெரியாது. வளர்த்தவள் என் மனைவி கலியம்மாள். அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. ஏழு கோழிகளும் என் தலையில் விழுந்தன. விற்றுத் தொலைக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். விற்றால் சரிதா வரமாட்டாள், அதனால் விற்கவில்லை.

சரிதா எங்கள் வரிசையின் கடைசிக் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். புருஷன் அருண்ராஜுக்குத் தெர்மல் மின்நிலையத்தில் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. வரிசையில் எட்டு வீடு இருந்தும் ஆள் இருப்பது எங்கள் இரண்டில் மட்டும்தான். மற்றதெல்லாம் காலி. கதவையும் ஜன்னலையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தினமும் காலை ஏழரைக்கு சரிதா வந்து கதவைத் தட்டுவாள். குழந்தைக்கென்று நாலு முட்டை கொடுப்பேன். காசுப் பேச்சு கிடையாது, அது கலியம்மாள் வைத்த வழக்கம். முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதியும் ஷிப்டும் எழுதிவைப்பேன். முப்பது வருஷமாக மைன்ஸில் ஷிப்ட் ரிஜிஸ்தர் எழுதிப் பழகிய கை, சும்மா இருக்காது.

"கோழிங்களுக்கு ஓவர்டைம் எல்லாம் உண்டா மாமா?" என்று கேலி செய்வாள். வாசலில் நின்றபடியே குழந்தைக்குப் பல் முளைத்தது, குழாயில் தண்ணீர் வராதது என்று ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போவாள். எனக்குக் கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டில் வேலை. அந்த இரைச்சலில் கை ஜாடைதான் பேச்சு. சாப்பாடு கேன்டீனில். ஆக, ஒரு நாளைக்கு நான் வாய் திறந்து பேசுவது அந்த ஐந்து நிமிஷம்தான்.

அதைக் கெடுத்துக்கொண்டவனும் நானேதான்.

கேன்டீனில் மிஞ்சுகிற சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு வர ஆரம்பித்தேன். தீவனம் இல்லாமல் இல்லை, மூட்டை நிறைய இருந்தது. ஆனால் தீவனம் வைத்தால் கோழிகள் கடனே என்று கொத்தும். சோற்றைக் கண்டால் ஓடிவந்து காலில் ஏறும். நான் வீட்டுக்குள் நுழையும்போது ஓடிவர வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு வேளை என்பது மூன்று வேளையாயிற்று.

நாளுக்கு ஐந்தாறு வந்த முட்டை மூன்றாகி, ஒன்றாகி, அடியோடு நின்றது. போதாததற்கு ஒன்றின் வாலிறகை ஒன்று பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. சரிதா இரண்டு நாள் வந்து வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாம் நாள், "போட்டா சொல்லுங்க மாமா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு வருவதையே நிறுத்திவிட்டாள். அவள்மேல் என்ன தப்பு? ஒன்பது நாள் என் கதவை யாரும் தட்டவில்லை. லீவு நாளில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் ஒரு கோழியைக் கூடையில் போட்டு மந்தாரக்குப்பம் கொண்டுபோனேன். கால்நடை டாக்டர் நந்தினி அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "உள்ள அத்தனையும் கொழுப்பு. என்ன போடறீங்க?" என்றார். சொன்னேன்.

"சோத்துல புரதம் ரொம்பக் கொறைச்சலுங்க. முட்டையிடற கோழிக்குத் தீனியில நூத்துக்குப் பதினாறு பதினேழு பங்காவது புரதம் வேணும். கடையில விக்கிற லேயர் தீவனத்துல அது சரியாத்தான் இருக்கு. நீங்க சோத்தால வயித்த ரொப்பிட்டா, தீவனத்துக்கு எடம் ஏது? புரதம் பத்தாமத்தான் எறகத் திங்குது. சோத்த நிறுத்திட்டுத் தீவனம் மட்டும் போடுங்க. வேற எதையும் கலக்காதீங்க. ஒரு மாசம் பொறுங்க."

ஒரு மாசமாம்! அந்த அம்மாவுக்கென்ன, சொல்லிவிட்டார். என் மண்டையில் ஏறியது புரதம் பத்தவில்லை என்பது மட்டும்தான். பத்தவில்லையென்றால் கொட்டிவிட வேண்டியதுதானே? அன்றே பஸ் பிடித்துப் பண்ருட்டி போய்க் கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் வாங்கிவந்தேன். சோற்றை நிறுத்திவிட்டு, ஒரு படி தீவனத்துக்கு ஒரு படி கருவாட்டுத் தூள் கலந்தேன், கூடவே இரண்டு கை புண்ணாக்கு. கோழிகள் அடித்துக்கொண்டு தின்றன.

கலக்க ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் முட்டை வந்தது. வாரம் முடிவதற்குள் நாலு, ஐந்து என்று ஏறியது. நானே போய்ச் சரிதாவிடம் சொன்னேன். மறுநாள் ஏழரைக்குக் கதவு தட்டப்பட்டது. அப்புறம் இரண்டு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. "பாப்பா நல்லா சாப்புடுதா?" என்று தினமும் கேட்பேன். "நல்லா சாப்புடுது மாமா" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேதி எழுதும்போது முட்டை கைநழுவிப் பக்கத்துப் பாத்திரத்தில் விழுந்து உடைந்தது. குப்பென்று கருவாட்டு நாற்றம். பாத்திரத்தில் இருந்த நாற்றமோ என்று இன்னொன்றை உடைத்துத் தோசைக்கல்லில் ஊற்றினேன். பிரஷருக்காக முட்டையை விட்டு வெகுநாளாயிற்று. இருந்தாலும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். இதையா அந்தக் குழந்தை இரண்டு வாரமாகத் தின்கிறது?

சொல்லிவிடலாம் என்று சரிதா வீட்டுக்கு நடந்தேன். அவள் வீட்டை ஒட்டிய காலி வீட்டின் பின்பக்கம் ஒரு நாய் எதையோ நக்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். முட்டைகள். சில உடைந்து, சில முழுசாக. மூன்றாம் தேதி, நாலாம் தேதி, ஐந்தாம் தேதி என்று எல்லாம் என் கையெழுத்து. நேற்றுக் கொடுத்ததுகூடக் கிடந்தது.

அப்படியே திரும்பிவிட்டேன். உடம்பெல்லாம் எரிந்தது. என்னைப் பார்த்தால் அவ்வளவு பரிதாபமாகவா இருக்கிறது? பிச்சைக்காரனுக்குச் சில்லறை போடுவதுபோல் தினமும் வந்து ஐந்து நிமிஷம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இனி கதவைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஏழரைக்குத் தட்டினாள். அசையவில்லை. மறுபடி தட்டினாள். "மாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. எழுந்துபோய்த் திறந்தேன்.

"காலி வூட்டாண்ட பாத்தேன்," என்றேன். "எதுக்கு வாங்கிக்கினு போன? எதுக்குப் பொய் சொன்ன?"

அவள் முகம் செத்துப்போயிற்று. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாப்பா வாயில வச்சதும் துப்பிடிச்சி மாமா. சொன்னா நீங்க கோழிய வித்துட்டுக் கதவச் சாத்திக்கினு உக்காந்துடுவீங்க. நான் வராத நாள்ல நீங்க வாசலப் பாத்துக்கினு உக்காந்திருந்தத நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்ப வர்றதுதானே? முட்டை இருந்தாத்தான் வருவியா?"

"எப்பிடி மாமா சும்மா வர்றது? அத்தையும் இல்ல. ஆம்பள தனியா இருக்கற வூடு. எதிர் வரிசைல பாப்பாங்க, இவரும் கேப்பாரு. கைல முட்டை இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." நிமிர்ந்து பார்த்தாள். "இவரு ஷிப்டுக்குப் போயிட்டா எனக்கு மட்டும் இங்க பேச யாரு இருக்காங்க?"

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இத்தனை நாளும் தனிமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

கருவாட்டுத் தூளை இன்றே நிறுத்திவிடலாம். நிறுத்தினாலும் வயிற்றுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் மஞ்சள்கருவெல்லாம் வெளியே வந்து தீரவேண்டும். அதுவரைக்கும் நல்ல முட்டை கிடையாது.

உள்ளே போய் நாலு முட்டையை எடுத்துவந்து அவள் கிண்ணத்தில் வைத்தேன்.

"இன்னும் பத்துப் பதினஞ்சு நாளைக்கு இது நாறும்மா," என்றேன். "தெனமும் வந்து வாங்கிக்கினு போ."