மூன்று ராஜாக்களுக்கு ஒரே களஞ்சியம்

சாப்பாட்டு மேஜையில் ஆறு வாரமாக யாரும் சாப்பிடவில்லை. அங்கே மூன்று ராஜாக்கள் முந்நூறு தகர வீரர்களோடு முகாமிட்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் படியளந்தவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். மூன்று பேர் ஆடும் போர் விளையாட்டு. மூவருக்கும் ஜெயிக்கச் சம வாய்ப்பு வேண்டும். அதற்காக அவர் விதி எழுதி எழுதிக் கிழித்துப்போட்ட தாள்களை அடுக்கினால் மாடிவீட்டு ஜன்னலை எட்டும்.

சிக்கல் மச்சான் உருவத்தில் வந்தது. மனைவியின் தம்பி, பல் டாக்டர். ஞாயிறுதோறும் ஆட வருவார். மலைக்கோட்டையில் படையை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு பிஸ்கட் தின்பார். வெளியே போஸ்ட்மாஸ்டரும் மனைவியும் முப்பத்தைந்து வருஷக் கோபத்தை ஒருவர்மேல் ஒருவர் கொட்டி ஓய்ந்ததும், மெல்ல இறங்கிவந்து இருவரையும் வாரிக்கொண்டு போவார்.

“இந்த ஞாயிறுதான் கடைசி,” என்றாள் மனைவி. “மூணு ஆட்டம். ஆளுக்கொண்ணு ஜெயிக்கணும். இல்லேன்னா மேஜை எனக்கு. உங்க ராஜாங்க பரண்ல குடியிருக்கட்டும்.”

போஸ்ட்மாஸ்டர் ஒரே ஒரு விதியைச் சேர்த்தார். ஆற்றுப்பாலத்தருகே ஒரு களஞ்சியம். அதைப் பிடித்திருப்பவர் படைக்கு மட்டும் சோறு. மற்ற இரண்டு படையிலும் சுற்றுக்குப் பத்துப்பேர் பசியால் காலி. கடைசிச் சுற்றில் களஞ்சியம் யாரிடமோ, அவரே ராஜா.

“மாமா, கோட்டைக்குள்ள கூடவா பசிக்கும்?” பதறினார் மச்சான்.

“நீ திங்கிற பிஸ்கட் உன் ஆளுங்க வயித்துக்கா போகுது?”

கோட்டைக்கதவு சரித்திரத்தில் முதன்முறையாகச் சண்டை ஓயுமுன்பே திறந்தது. முதல் ஆட்டம் மனைவிக்கு. இரண்டாவது மச்சானுக்கு. மூன்றாவதைப் போஸ்ட்மாஸ்டர் ஜெயித்தே தீரவேண்டும்.

கடைசிச் சுற்று. மனைவியிடமிருந்த களஞ்சியத்தை மச்சான் பின்பக்கமாக வந்து பிடுங்கியிருந்தார். போஸ்ட்மாஸ்டரிடம் மிச்சம் ஒன்பது வில்லாளிகள். மனைவி தன் குதிரைப்படையைக் களஞ்சியத்தை நோக்கி நகர்த்தினாள்.

“அக்கா! நீ சும்மா நின்னாலே மேஜை உனக்குத்தான்!”

“மேஜையாவது மண்ணாவது! என் களஞ்சியத்துல கை வெச்சுட்டு எனக்கே புத்தி சொல்றியாடா?”

பகடை உருண்டது. ஆறு. மறுபடியும் ஆறு. மச்சான் படை தூள். அதோடு மோதிய குதிரைகளும் முடிந்தன. ஒன்பது வில்லாளிகள் காலை நடைக்குப் போவதுபோல் களஞ்சியத்துக்குள் நுழைந்தார்கள்.

ஆளுக்கொன்று! போஸ்ட்மாஸ்டர் போட்ட கூச்சலில் தெருப் புறாக்கள் அத்தனையும் பறந்து அடுத்த ஊரில்தான் இறங்கினவாம்.

மனைவிக்கு அப்போதுதான் பந்தயம் நினைவு வந்தது. மேஜையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சீக்கிரம் சாப்பிடுங்க ரெண்டு பேரும். அடுத்த ஆட்டத்துல கோட்டை எனக்கு.”