பனிமூட்டத்தில் எடுத்த வீடியோ

மணிமாறன் ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிறவன். ஊர் ஊராகப் போய் வீடியோ எடுத்துப் போடுவதில் அவனுக்கு ஒரு பித்து. தை மாதம் தறிக்காரச் சிநேகிதர்களோடு வேன் பிடித்து நாகப்பட்டினம் பக்கம் கடல் பார்க்கப் போனவன், விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு மீனவக் கிராமத்தில் இறங்கினான். கடல் இருக்கிற இடமே தெரியாமல் பனி மூடிக் கிடந்தது. அந்தப் பனிக்குள் ஒரு பெண், தலைமுடி அவிழ, தகரத் தட்டைக் கரண்டியால் அடித்துக் கத்திக்கொண்டே கரையோரம் ஓடினாள். இவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மணிமாறன் அதைப் படம் பிடித்து, 'கடலுக்குக் கச்சேரி' என்று பெயர் வைத்துப் போட்டான். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள்.

மாசிக் கடைசியில் அவன் மனைவி சௌமியா ஃபோனைக் கொண்டுவந்து நீட்டினாள். வீடியோவுக்குக் கீழே அபிநயா என்றொரு பெண் எழுதியிருந்தாள்.

"இது எங்க அம்மா பெரியநாயகி. பனியில வழி தெரியாம வந்த அப்பாவோட படகுக்கு, கரை எந்தப் பக்கம்னு சத்தம் குடுத்தாங்க. படகு கரைத் தடுப்புக் கல்லுல மோதி அப்பாவுக்குக் கால் போச்சு."

"பின்னாடி சிரிக்கறது நீங்கதானுங்களே?" என்று கேட்டாள் சௌமியா.

மணிமாறன் வீடியோவை உடனே அழித்தான். அதற்குள் யார் யாரோ அதை எடுத்துப் பாட்டெல்லாம் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறினான். கிராமத்து முனையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவளிடம் பெரியநாயகி வீட்டைக் கேட்டான்.

"யாரு, கச்சேரிக்காரியா?" என்றாள் அவள், சாதாரணமாக.

அவன் வைத்த பேர் அது.

பெரியநாயகி வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அவள் புருஷன், ஒரு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அக்கா, அந்த வீடியோ எடுத்தது நாந்தானுங்க. எல்லாரும் பாக்கற மாதிரி மன்னிப்புக் கேட்டுப் போட்டர்றேனுங்க" என்று சொல்லி மணிமாறன் ஃபோனை எடுத்தான்.

"மறுபடியும் எங்கம்மா மூஞ்சியப் படம் புடிக்கவா வந்தீங்க?" என்றாள் உள்ளேயிருந்து வந்த அபிநயா. வீடியோவைப் பார்த்தவர்களின் கேலி தாங்காமல் கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்ட பெண்.

அவன் அவசரமாக ஃபோனைப் பைக்குள் திணித்தான்.

பெரியநாயகி திட்டவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்கு எத்தன பேரு வந்திருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒம்போது பேருங்க்கா."

"இஞ்சின் நின்னுபோயி அவரு கரைச் சத்தத்துக்குக் காதக் குடுத்துக்கிட்டுத்தான் துடுப்புப் போட்டுட்டு வந்தாரு. எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு. நீங்க ஒம்போது பேரும் கூடக் கத்தியிருந்தா அவருக்குக் கேட்டிருக்கும் தம்பி."

"எனக்கு எப்படீங்க்கா தெரியும்?"

"என்னன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டான் மணிமாறன்.

"பேரு வச்சவன் நீ. மீன் ஏலம் நடக்குது, ஊரே அங்கதான் இருக்கும். போயி வாயால சொல்லு."

ஏலம் நடக்கிற இடத்தில் கூடைகளுக்கு நடுவே போய் நின்றான். ஏலக்காரர் நிறுத்தினார். "கேக்கல, சத்தமா சொல்லு" என்றார் ஒருவர். குரலை உயர்த்தி, பனியில் படகு வந்ததையும், அவள் கத்தியதையும், தான் சிரித்துப் பேர் வைத்ததையும் சொன்னான். சிலர் முறைத்தார்கள். சிலர் மீனைப் பார்க்கப் போய்விட்டார்கள். தூரத்தில் நின்ற அபிநயா, அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"மன்னிச்சாங்களா?" என்று கேட்டாள் சௌமியா, அவன் வீடு வந்து சேர்ந்ததும்.

"அதக் கேக்க வாய் வரல."

மறுநாள் தறிக்கூடத்தில் சிநேகிதர்களிடம் நடந்ததைச் சொன்னான். தீர்த்தகிரி மட்டும் வாய் திறந்தான்.

"நமக்கெப்படி மாப்ள தெரியும்?"

தான் அங்கே சொன்னதும் இதைத்தான் என்று மணிமாறனுக்கு உறைத்தது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் போய்த் தறியை ஓடவிட்டான்.