கழலாத மேக்னட்

1

இந்தக் கதை பஸ் ஜன்னலில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போய்க்கொண்டிருந்தேன். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே புகுந்து குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று எங்களை முந்தியது. அதன் முதுகில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு வாட்டர் ஸ்கூட்டர். கடற்கரையில் ஆளை ஏற்றிக்கொண்டு அலைமேல் பாயுமே, அதுதான். மஞ்சள் நிறம், தூசி படிந்து வெளிறிப்போயிருந்தது. எங்கள் பக்கம் கடலே கிடையாது. இது யாரைப் பார்க்கப் போகிறது?

அந்த யாரைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

'கடலில்லாத ஊருக்குக் கடல் வந்து சேர்ந்த அன்று—'

வேண்டாம். நீதிக்கதை வாடை அடிக்கிறது.

'சவரிராஜ் சுத்தியலை ஓங்கினான். அவன் மனைவி—'

இதுவும் இப்போது வேண்டாம். சுத்தியல் வருவதற்கு முன்னால் அந்த இரண்டு பேரும் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2

வரதராசன்பேட்டையில் ஜெயராணி டீச்சர் என்றால் தெரியும். நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். கல்யாணமான சூட்டோடு அவள் புருசன் சவரிராஜ் மாலத்தீவுக்குப் போனான். அங்கே ஒரு சொகுசு விடுதியில் வாட்டர் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் வேலை. லீவுக்கு ஒரு மாசம் வருவான், போவான். இந்தக் கோடையில் விடுதி கை மாறிவிட, பெட்டியோடு நிரந்தரமாக வந்துவிட்டான். ஒரே மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். ஒரு மாசத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தே பழகாத இருவர்.

சவரிராஜால் சும்மா இருக்க முடியவில்லை. விடிந்ததும் கேட்டுக்கு எண்ணெய் போட்டான். மிக்சியை வேறு மூலைக்கு மாற்றினான். அவள் கொல்லைப்பக்கம் போனால்கூட "எங்க கிளம்பிட்டே?" என்றான். இத்தனை வருசம் மத்தியானத்துக்கு நின்றுகொண்டே தயிர்சாதம் அள்ளிப் போட்டுக்கொண்டவள், இப்போது மீன் வாங்கிக் குழம்பு வைக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகும் ஜெயராணி நோட்டு திருத்துகிறேன் என்று அங்கேயே உட்கார ஆரம்பித்தாள். வெளிச்சம் மங்கும்போதுதான் கிளம்புவாள்.

(ஒரு குறிப்பு: முதல் வரைவில் சவரிராஜைக் குடிக்க வைத்திருந்தேன். உங்களுக்கும் எனக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அந்த வரிகளை அடித்துவிட்டேன். அவன் குடிப்பதில்லை. நல்ல காப்பி போடுவான். அவள் எழுந்திருக்கும்போதே தம்ளரோடு பக்கத்தில் நிற்பான். அதைக் குறை என்று யாரிடம் போய்ச் சொல்வது?)

3

குட்டியானையில் வந்தவன் பிரேம்குமார். பெரம்பலூர்க்காரன். புதுச்சேரி கடற்கரையில் இந்த வண்டிகளை வைத்துச் சவாரி விடுகிறான்.

"அண்ணே, அங்க பாக்காத மெக்கானிக் இல்ல. மேக்னட் கழலலைங்கிறாங்க. புது இன்ஜின் போட்டுருங்கறாங்க. நீங்க மாலத்தீவுல இதே வேலையா இருந்தவருன்னு சொன்னாங்க, தூக்கிட்டு வந்துட்டேன்."

மேக்னட் என்று மெக்கானிக்குகள் சொல்வது ஃப்ளைவீலைத்தான். இன்ஜினின் நடுத்தண்டில் இறுக்கி உட்கார்த்திய கனமான இரும்புச் சக்கரம். உள்பக்கம் காந்தம் பதித்திருக்கும். கடல்தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் அப்படியே கிடந்ததில், சக்கரமும் தண்டும் துருவால் ஒட்டிப்போயிருந்தன. அது கழன்று வந்தால்தான் பின்னால் இருப்பதைத் தொடவே முடியும்.

"இதை மட்டும் எழுப்பிக் குடுங்கண்ணே. அப்புறம் எங்ககூடவே வந்துருங்க. தங்க ரூம் இருக்கு. அண்ணி லீவுக்கு லீவு வந்து பாத்துக்கட்டும்."

காப்பி கொண்டுவந்த ஜெயராணி காதில் விழுந்தது. சவரிராஜ் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். "பாக்கலாம் தம்பி" என்றான்.

இன்ஜினை இறக்கி, முந்திரி மரத்தடியில் ஒரு பழைய லாரி டயர் மேல் உட்கார வைத்தான். தினமும் அதனோடு மல்லுக்கட்டினான். துருவுக்கு எண்ணெய் விட்டான், ஊற வைத்தான், சக்கரத்தை இழுத்தெடுக்கும் புல்லரை மாட்டினான், கழற்றினான். மறுநாள் மறுபடி எண்ணெய். பிரேம்குமார் போன் போட்டால் "இன்னும் கழலலை தம்பி." அவ்வளவுதான்.

4

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை.

"ராணி, கொஞ்சம் வந்து பிடியேன்."

சக்கரத்தில் இருந்த இரண்டு துளைகளில் போல்ட்டுப் போட்டு நீளமாக ஒரு கம்பியை முடுக்கியிருந்தான். புல்லரின் நடுத்திருகை அவன் இறுக்கும்போது சக்கரம் சேர்ந்து சுற்றிவிடாமல் அவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நன்றாக இறுகியதும் திருகின் தலையில் சுத்தியலால் அடிப்பான். அந்த அதிர்ச்சியில் சக்கரம் விட வேண்டும்.

இங்கே ஒரு வரி எழுதினேன்:

'ஜெயராணி தன் பிடியைத் தளர்த்தினாள்.'

அழகான வரிதான். புருசன் மறுபடி ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று மனைவி கம்பியைத் தளர்த்துகிறாள். இரண்டு நாள் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பொய். ஜெயராணி காலை மரத்து வேரில் முட்டுக்கொடுத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, உயிரைக் கொடுத்துப் பிடித்தாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்தது: இது கழல வேண்டும் என்று அவள் மனசார ஆசைப்படுகிறாள். கழன்றால் இவர் போய்விடுவார். போகட்டும் என்றுதான்—

(முடிக்கவில்லை. அவளும் முடிக்கவில்லை. முகம் சுட்டுவிட்டது அவளுக்கு.)

சவரிராஜ் அடித்தான். டிக். மறுபடி இறுக்கினான். டிக்.

"என்னங்க, கை வலிக்குதா?"

"இல்லியே."

"பின்ன ஏன் கொசு அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க?"

"ஓங்கி அடிச்சா காந்தம் உடைஞ்சுரும்."

"காந்தத்துலயா அடிக்கிறீங்க? திருகுமேலதான அடிக்கிறீங்க."

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். கைத்துணியை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத கையைத் துடைத்தான்.

"அங்க இந்த மாதிரி எத்தனையோ கழட்டியிருக்கேன். நான் அடிச்சா கழண்டுரும் ராணி."

"கழலட்டுமே."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு வேகமாக வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

"அங்கேருந்து போன் பண்றப்பல்லாம், ஸ்கூல் விட்ட கொஞ்ச நேரத்துல நீ வூட்ல இருப்பே. பின்னால குக்கர் சத்தம் கேக்கும். இப்ப இருட்டுனாத்தான் வர்றே."

நோட்டு நிறைய இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "எனக்குப் பழகலைங்க" என்றாள்.

"எனக்கு மட்டும் பழகிருச்சா? அங்க இருந்தவரைக்கும் இந்த வூட்டையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இங்க வந்தா எந்த சுவிட்சைப் போட்டா எந்த லைட்டு எரியும்னு தெரியல. தட்டித் தட்டிப் பாக்குறேன்."

"கேக்கறதுதானே?"

"சொந்த வூட்ல என்னன்னு கேக்குறது?"

ஜெயராணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. "பேர் எழுதி ஒட்டி வைக்கிறேன்" என்றாள்.

"ஒட்டு. லாட்ஜ் மாதிரி இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அவள் கம்பியை மறுபடி பற்றினாள்.

"பிடிச்சிருக்கேன். அடிங்க. வேலையை வேலையா முடிங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அவன் எழுந்து நின்றான். இந்தத் தடவை தோளிலிருந்து இறங்கியது அடி.

டமார்!

மரத்திலிருந்து காக்காய்கள் கலைந்தன. கம்பி துள்ளியதில் ஜெயராணி பின்பக்கமாகச் சருகுகள் மேல் உட்கார்ந்துவிட்டாள். தண்டின் நுனியில் அவன் விட்டுவைத்திருந்த நட்டில் இடித்துக்கொண்டு சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. கழன்றுவிட்டது. ஒரே அடி. அவன் முகத்தில் ஓடிய பெருமையை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். போனில் அது தெரிந்ததே இல்லை.

5

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. துருவைச் சுரண்டி, போனதை மாற்றி, மேக்னட்டைத் திரும்பப் பூட்டினான். இன்ஜின் இருமியது, புகை கக்கியது, பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி உறுமியது. தகவல் போனதும் பிரேம்குமார் டிரைவரையும் கூட்டிக்கொண்டு குட்டியானையோடு வந்து நின்றான்.

"அண்ணே, துணிமணி எடுத்து வச்சுட்டீங்களா? இப்பவே போயிரலாம்."

சவரிராஜ் திரும்பி வாசலில் நின்றவளைக் கைகாட்டினான். "அண்ணியைக் கேளுங்க தம்பி."

இந்த இடத்தில்தான் நான் பல நாளாக உட்கார்ந்திருக்கிறேன். 'போயிட்டு வாங்க' என்று அவள் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். அவன் போகிறான், தினமும் போன் பேசுகிறார்கள், போனில் அவர்கள் எப்போதுமே நன்றாகத்தான் பேசுவார்கள். படித்துப் பார்த்தேன், மடித்துத் தூரப் போட்டேன். 'போக வேண்டாம்' என்று இன்னொன்று. அவன் பக்கத்து ஆண்டிமடத்தில் மெக்கானிக் கடை போடுகிறான், அவள் நேரத்தோடு வீட்டுக்கு— சர்ச்சில் கல்யாணப் பூசையில் சாமியார் வைக்கும் பிரசங்கம் மாதிரி ஆகிவிட்டது. கிழித்தேன்.

ஜெயராணி இரண்டையும் சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏன், உங்க வாயில என்ன கொழுக்கட்டையா? இருக்கணும்னு இருந்தா இருக்கேன்னு சொல்லுங்க. போகணும்னா போறேன்னு சொல்லுங்க. நாளைக்கு ஒண்ணு ஆனா, நீதானடி சொன்னேன்னு என் தலையில கட்டவா?"

"நான் எப்பவாவது அப்படிச் சொல்லியிருக்கேனா?"

"சொல்றதுக்கு எப்ப இங்க இருந்தீங்க?"

"அது என் தப்பா? யாருக்காகப் போனேன்?"

இத்தனை வருசக் குடித்தனத்தில் இது அவர்களுடைய முதல் சண்டை. ஒரு மாச லீவில் சண்டை போட யாருக்கு மனசு வரும்? நாள் வீணாகிவிடுமே என்று எல்லாவற்றையும் அப்படியே விழுங்கிக்கொள்வார்கள். இப்போது அவசரம் இல்லை. மிக்சி இடம் மாறியது வந்தது. மகள் பிறந்தபோது அவன் வராதது வந்தது. அவள் ஒரு தடவை போனை எடுக்காமல் விட்ட கிறிஸ்துமஸ் வந்தது. பிரேம்குமார் தலையைக் குனிந்துகொண்டு வண்டிப் பக்கம் நகர்ந்தான். நானும் அவனோடு வெளியே வந்துவிட்டேன்.

முடிவு என்னிடம் இல்லை. தேடாமல் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த இருவரும் பேசி முடிக்காததை நான் முடித்துவைப்பது முறையாகப் படவில்லை. நீங்கள் வேண்டுமானால் கேட்டோரம் நின்று கேளுங்கள். கடைசியாக யார் என்ன சொன்னார்கள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எழுதி அனுப்ப வேண்டியதில்லை.

உள்ளே ஜெயராணியின் குரல் ஏறிக்கொண்டிருக்கிறது. சவரிராஜும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பிரேம்குமார் டிரைவரிடம் வண்டியை அணைக்கச் சொல்கிறான்.